கேட்பவரும் கொடுப்பவரும்: ஆங்குலரில் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வரும் இளையவர்களிடம் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்றால் என்னவென்று கேட்டால், பெரும்பாலும் பிழையில்லாத விடையே வரும். ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய பொருள்களைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து பெற்றுக்கொள்வது என்று தயக்கமின்றிச் சொல்வார்கள். அந்தப் பொருள் எப்போது உருவாகிறது, அதை யார் யார் பகிர்ந்துகொள்கிறார்கள், எப்போது அது அழிகிறது என்று அடுத்ததாகக் கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. வலைச்செயலிகளை எழுதக் கூகிள் உருவாக்கிய ஆங்குலர் போன்ற ஒரு சட்டகத்தில் (ஃபிரேம்வொர்க்கில்) நாள்தோறும் வேலை செய்பவருக்கு முதலாவது விடையால் கிடைக்கும் பயன் குறைவு. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் எழுதப்படும் செயலியே நாளடைவில் எவரும் கைவைக்க அஞ்சும் செயலியாகிறது. ஆகவே பொருளை யார் கொடுக்கிறார் என்பதைவிட, அது எந்த இடத்தில் வைத்துக் கொடுக்கப்படுகிறது என்பதையே மையமாக வைத்து இந்த விடயத்தை எழுத விரும்புகிறேன்.

கையில் எடுத்துப் பார்க்க ஒரு செயலி வேண்டும். குடாநாட்டுக் கரையோரத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு வலைச்செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வகுப்பெடுக்கும்போதும் நான் இதையே எடுத்துக்கொள்வது வழக்கம், ஏனெனில் கேட்பவர்களில் ஒருவருக்காவது அந்தக் கரை பழக்கமானதாக இருக்கும். விடியப்புறம் வள்ளங்கள் கரைக்கு வரும். விளைமீனும் ஓராவும் பாரையும் கூடை கூடையாக இறக்கப்பட்டு ஏலம் கூறப்படும். சங்கத்தின் எழுதுவினைஞர் டப்லட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வள்ளத்தின் மீன், எத்தனை கிலோ, எந்த வியாபாரி என்ன விலைக்கு எடுத்தார் என்பவற்றை நின்ற இடத்திலேயே பதிய வேண்டும். இந்த ஏலப் பதிவுத் திரைக்கு மூன்று பொருள்கள் தேவைப்படுகின்றன: பதிவைச் சேமித்துவைக்கும் பதிவகம் ஒன்று, இன்றைய திகதியையும் நேரத்தையும் சொல்லும் கடிகாரம் ஒன்று, உள்நுழைந்திருக்கும் எழுதுவினைஞர் யார் என்று சொல்லும் பயனர் விபரம் ஒன்று.

கடிகாரத்தையும் ஒரு சார்பாக, அதாவது டிபெண்டன்சியாக, எண்ண வேண்டுமா என்று பலர் கேட்பார்கள், ஏனெனில் ஜாவாஸ்கிரிப்டில் நியூ டேட் என்று எழுதினாலே நேரம் கிடைத்துவிடுகிறது. ஆனால் இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருப்பது. காலை 5 மணிக்கு ஏலம் கூறப்படும்போது உலகப் பொது நேரப்படி முதல்நாள் இரவு 11.30 தான் ஆகியிருக்கும். திகதியை எடுப்பதற்கு டேட் பொருளின் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் மெதட்டை அழைத்து, வருவதிலிருந்து முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுக்கும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. அந்த மெதட் உலகப் பொது நேரத்தையே தருவதால், 5.30 மணிக்கு முன்னர் விற்கப்பட்ட ஒவ்வொரு கூடையும் நேற்றைய கணக்கில் போய் விழும். பகலில் அலுவலகத்தில் இருந்து செயலியைச் சோதிப்பவரின் கண்ணில் இது ஒருநாளும் படாது. படவேண்டுமானால், காலை 5 மணி என்ற நேரத்தை அவர் தமது சோதனைக்குள் தாமே உண்டாக்கிக்கொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும். அதற்கு ஏலப் பதிவுத் திரை தன் கடிகாரத்தைத் தானே உருவாக்காமல் இன்னொருவரிடமிருந்து வாங்கிக்கொள்வதாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் சட்டகம் எதுவும் தேவையில்லை. கிளாஸிலிருந்து பொருளை உருவாக்கும் கொன்ஸ்ட்ரக்டருக்கு மூன்று பராமிட்டர்கள் வைத்து, செயலி தொடங்கும் கோப்பில் உண்மையான பதிவகத்தையும் உண்மையான கடிகாரத்தையும் உருவாக்கிக் கொடுத்துவிட்டால் போதும். சோதனையில் எப்போதும் காலை 5 மணியையே காட்டும் ஒரு கடிகாரத்தைக் கொடுக்கலாம். புதிதாகச் சேர்பவர்களை முதல் சில நாட்களுக்கு இப்படிக் கையால்தான் எழுதச் சொல்வேன். பதிவகத்துக்குச் சேர்வரோடு பேசும் எச்ரிரிபி கிளையன்ட் வேண்டும், அதற்கு உள்நுழைவை உறுதிசெய்யும் டோக்கன் வேண்டும், அதற்குப் பயனர் விபரம் வேண்டும் என்று சங்கிலி நீளும்போது, எதை முதலில் உருவாக்குவது, எதை எதற்குக் கொடுப்பது என்று அந்தத் தொடக்கக் கோப்பு பக்கம் பக்கமாக வளரத் தொடங்கும். அந்தச் சலிப்பை ஒருமுறை அனுபவித்தவருக்கு இன்ஜெக்டர் என்ற பொருள் எதற்காகத் தோன்றியது என்பதை விளக்கவேண்டியதில்லை. யார் யாருக்கு எது எது வேண்டும் என்ற விபரத்தைப் பெற்றுக்கொண்டு, அந்தத் தொடக்கக் கோப்பின் வேலையைத் தானே செய்து முடிப்பதுதான் இன்ஜெக்டர்.

ஜாவா உலகம் இதை முன்பே கண்டிருந்தது. 2004 ஜனவரியில் மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் பௌலர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயர் நிலைபெற்றது. ஸ்பிரிங், பின்னர் கூகிளின் ஜூஸ் (Guice) ஆகிய ஜாவாச் சட்டகங்கள் அதைப் பெரிய செயலிகளின் அன்றாட வழக்கமாக்கின. உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்தத் தேவை சற்றுப் பிந்தியே வந்தது. 2012 ஜூனில் இன்றைய ஆங்குலரின் முன்னோடியான ஆங்குலர்ஜேஎஸ்ஸின் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, இன்ஜெக்டர் அதன் ஓரத்தில் ஒட்டவைத்த வசதியாக இல்லாமல் நடுத்தூணாகவே இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மிஷ்கோ ஹெவெரி, அதற்கு முன்பிருந்தே கூகிளில் சோதிக்கத்தக்க நிரலை எழுதுவது பற்றித் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தவர். சோதனையிலிருந்து தொடங்கிச் சிந்தித்த ஒருவர் கட்டிய சட்டகம் அது என்பதை அதன் ஒவ்வொரு மூலையிலும் காணலாம்.

அந்த முதல் இன்ஜெக்டர் வேலைசெய்த விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். ஒரு கன்ட்ரோலர் ஃபங்ஷனை எழுதுகிறோம். அதன் பராமிட்டர்களாக டொலர் ஸ்கோப், டொலர் எச்ரிரிபி என்று இரண்டு பெயர்களை வைக்கிறோம். வேறெதுவும் செய்யவில்லை, ஆனாலும் சரியான இரண்டு பொருள்கள் வந்து சேர்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் பராமிட்டருக்கு வகை கிடையாது, ஆகவே பெயரைத் தவிர இன்ஜெக்டருக்கு வேறு எந்தத் தடயமும் இல்லை. அது என்ன செய்தது என்றால், அந்த ஃபங்ஷனின் டூஸ்ட்ரிங் மெதட்டை அழைத்து, முழு நிரலையும் வெறும் எழுத்துச் சரமாகப் பெற்று, அதிலிருந்த குறிப்புரைகளை நீக்கி, அடைப்புக்குறிகளுக்கு நடுவில் இருப்பதைக் காற்புள்ளிகளில் பிரித்து, கிடைத்த பெயர்களைத் தன் பட்டியலில் தேடியது. நிரல் தன்னைத் தானே வாசித்துப் பார்க்கும் இந்த உத்தியை முதன்முதலாக அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

ஆனால் அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதைச் செயலியைச் சேர்வரில் ஏற்றும் நாளில்தான் பலரும் அறிந்தார்கள். கோப்பின் அளவைக் குறைக்கும் மினிஃபையருக்கு உள்ளூர் மாறிகளின் பெயர்கள் வெறும் எடைதான். டொலர் ஸ்கோப் என்பதை அது ஏ என்றும், டொலர் எச்ரிரிபி என்பதை பி என்றும் மாற்றிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் விதிப்படி அது முற்றிலும் நியாயமான மாற்றம். ஆனால் அடுத்த கணம் உலாவியின் கொன்சோலில் "அன்னோன் புரொவைடர்: ஏபுரொவைடர்" என்று, செயலியில் எங்குமே எழுதப்படாத ஒரு பெயரைச் சொல்லும் சிவப்பு வரி தோன்றும். உருவாக்கும் கணினியில் எல்லாம் ஓடும், ஏற்றிய இடத்தில் மட்டும் விழும் என்பதால் இது ஆளைத் திணறடிக்கும் வகைப் பிழை. அதற்கு மருந்தாக, ஃபங்ஷனை ஓர் அணிக்குள் வைத்து அதற்கு முன்னால் தேவைப்படும் பெயர்களை மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் முறை இருந்தது. மேற்கோளுக்குள் இருப்பதை மினிஃபையர் தொடாது. பெயர்களை இருமுறை எழுதவேண்டியிருந்ததால் எழுதுபவர் வரிசையை மாற்றிவிடும் ஆபத்தும் கூடவே வந்தது. 1.3 பதிப்பு, வெறும் பராமிட்டர் பெயர்களை நம்பியிருக்கும் ஃபங்ஷன்களை உருவாக்கும் கட்டத்திலேயே மறுக்கும் கடும் நிலை ஒன்றைத் தந்து இந்த வலியைக் குறைத்தது.

பெயரைக் கொண்டு கேட்பது போதாது என்றால் எதைக் கொண்டு கேட்பது? ஆங்குலரின் இரண்டாம் பிறவி இந்தக் கேள்வியோடுதான் வளர்ந்தது. கூகிள் குழு முதலில் அட்ஸ்கிரிப்ட் என்ற பெயரில் தனக்கென ஒரு மொழி நீட்சியையே திட்டமிட்டது. இயங்கும் நேரத்திலும் வகைகளைப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2015 மார்ச்சில் அந்த முயற்சியைக் கைவிட்டு ஜாவாஸ்கிரிப்டுக்கு வகைகளைச் சேர்க்கும் மொழியான மைக்ரோசொஃப்டின் ரைப்ஸ்கிரிப்டோடு இணைந்துகொண்டார்கள். டெகரேட்டர் என்ற மேற்குறிப்பு வைத்த ஒரு கிளாஸின் கொன்ஸ்ட்ரக்டர் பராமிட்டர்கள் எந்தெந்த வகை என்பதை, தொகுத்து வெளிவரும் ஜாவாஸ்கிரிப்டிலும் குறிப்பாக எழுதிவைக்கும் வசதி ரைப்ஸ்கிரிப்டில் இடம்பெற்றது. 2016 செப்டெம்பரில் வெளிவந்த ஆங்குலர் 2இல் இன்ஜெக்டருக்கு எழுத்துச் சரத்தை வாசிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பராமிட்டரின் வகையாக எழுதப்பட்ட கிளாஸே தேடலுக்குரிய திறவுகோலாக அமைந்தது. கிளாஸ் என்பது நினைவகத்தில் இருக்கும் உண்மையான பொருள் என்பதால், மினிஃபையர் அதன் பெயரை மாற்றினாலும் அடையாளம் மாறாது.

இந்த இடத்தில் ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ பழகியவர்கள் வழக்கமாக ஒருமுறை இடறுவார்கள். அங்கே பதிவகத்துக்கு, எந்தெந்த மெதட்கள் இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தமான ஓர் இன்டர்ஃபேஸ் எழுதி, அந்த இன்டர்ஃபேஸின் பெயராலேயே பொருளைக் கேட்பது இயல்பான வழக்கம். ரைப்ஸ்கிரிப்டின் இன்டர்ஃபேஸ் தொகுக்கும் நேரத்தில் மட்டும் உயிரோடு இருப்பது. ஜாவாஸ்கிரிப்டாக மாறியபின் அதன் சுவடுகூட எஞ்சாது. இல்லாத ஒன்றைத் திறவுகோலாகப் பயன்படுத்த முடியாது. ஆகவே கடிகாரம் போன்ற சிறிய ஒப்பந்தங்களுக்கு, 2017 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து இன்ஜெக்‌ஷன் டோக்கன் என்ற தனிப்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதற்குள் எந்த வேலையும் இல்லை. இன்ன வகையான பொருளுக்குரிய திறவுகோல் நான் என்று சொல்வது ஒன்றே அதன் பணி. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை எழுதி அதையே டோக்கனாக வைப்பதும் செய்யத்தக்கதே, மெதட்கள் பலவாக இருக்கும் பதிவகம் போன்றவற்றுக்கு நான் அதையே விரும்புகிறேன், ஏனெனில் ஒப்பந்தமும் திறவுகோலும் ஒரே இடத்தில் இருக்கும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆங்குலர் செயலியில் இன்ஜெக்டர் ஒன்று அல்ல, பல. திரையின் பகுதிகளான கொம்போனன்ட்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மரம்போல அமைந்திருப்பதைப் போலவே, அவற்றோடு ஒட்டிய எலிமன்ட் இன்ஜெக்டர்களும் அமைந்திருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் மொடியூல்களுக்கும் (நிரல் தொகுதிகளுக்கும்) ரூட்களுக்கும் (route, பக்கங்களுக்கான பாதைகளுக்கும்) உரிய என்வயரன்மன்ட் இன்ஜெக்டர்கள் இருக்கின்றன. ஒரு கொம்போனன்ட் ஒன்றைக் கேட்டால், தேடல் முதலில் அந்தக் கொம்போனன்டிலேயே நடக்கும், பிறகு அதன் தாய்க் கொம்போனன்டில், பிறகு அதற்கும் மேலே என்று மரத்தின் உச்சி வரை போகும். அங்கும் கிடைக்காவிட்டால் என்வயரன்மன்ட் இன்ஜெக்டர்களின் வரிசைக்குத் தாவி அதன் வேர் வரை ஏறும். எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்குப் பெரிய கிடாரம் தேவைப்பட்டால் முதலில் வீட்டில் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் ஒழுங்கையில் இருக்கும் உறவுக்காரரிடம் கேட்பார்கள், அங்கும் இல்லாவிட்டால் சனசமூக நிலையத்துக்குப் போவார்கள். வீட்டுக் கிடாரம் வீட்டுக்கு மட்டும், நிலையத்துக் கிடாரம் ஊருக்கே பொது. எந்தப் படியில் பொருள் வைக்கப்பட்டிருக்கிறதோ, அந்தப் படிக்குக் கீழே இருக்கும் அனைவருக்கும் அது பொதுவானது. அந்தப் படி அகற்றப்படும்போது பொருளும் அதோடு போய்விடும். பகிர்வின் எல்லையையும் ஆயுளின் எல்லையையும் ஒரே தீர்மானத்தால் வரையும் இந்த அமைப்பையே ஆங்குலரின் ஆகச் சிறந்த சிந்தனையாக நான் கருதுகிறேன்.

கரையில் நிற்கும் எழுதுவினைஞரிடம் திரும்புவோம். இரண்டு வள்ளங்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. அவர் இரண்டு ஏலப் பதிவுப் பலகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறார். பாதி நிரப்பிய விபரங்களைத் தாங்கிநிற்கும் வரைவுச் சேர்விஸ் ஒன்று இருக்கிறது. அந்தச் சேர்விஸை வேர் மட்டத்தில் வைத்தால் முழுச் செயலிக்கும் ஒரே வரைவுதான் இருக்கும்; ஒரு பலகத்தில் 18 கிலோ விளைமீன் என்று அடித்தால் மற்றப் பலகத்திலும் அது தோன்றும், ஒரு வள்ளத்தின் மீன் இன்னொரு வள்ளத்தின் கணக்கில் ஏறும். அதே சேர்விஸைப் பலகக் கொம்போனன்டின் புரொவைடர்ஸ் பட்டியலில், அதாவது அந்தப் படியில் எவையெவை கொடுக்கப்படும் என்று சொல்லும் பட்டியலில், வைத்தால், ஒவ்வொரு பலகத்துக்கும் தனி வரைவு கிடைக்கும். பலகத்தை மூடியவுடன் வரைவும் அழியும். சேர்விஸின் உள்ளே ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், வைத்த இடத்தை மட்டும் மாற்றியதால் கிடைத்த விளைவு இது.

பதிவகத்துக்கு நிலைமை நேர்மாறானது. சிக்னல் விட்டுவிட்டு வரும் கரைகளும் உண்டு என்பதால், அனுப்பமுடியாத பதிவுகளைப் பதிவகம் ஒரு வரிசையில் சேர்த்துவைத்து, இணைப்புக் கிடைத்ததும் சேர்வருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பதிவகத்தைப் பலகத்தின் புரொவைடர்ஸில் யாராவது சேர்த்துவிட்டால், பலகத்தை மூடும்போது பதிவகமும் அழிந்து, அதன் நினைவகத்தில் காத்திருந்த பதிவுகளும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சட்டகத்தின் பார்வையில் பிழை எதுவும் நடக்கவுமில்லை. பலகத்தோடு வாழ்ந்து பலகத்தோடு அழியும் ஒரு பதிவகத்தைக் கேட்டோம், கிடைத்தது. மாலையில் சங்கத்தில் கணக்குப் பார்க்கும்போது ஒரு மீனவரின் உழைப்பு குறைவது மட்டும்தான் வெளியே தெரியும். வரிசையை உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்ட்டிபியில் எழுதிவைப்பது இந்த ஆபத்தைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனாலும் ஒரே வரிசையை இரண்டு பதிவகங்கள் ஒன்றையொன்று அறியாமல் அனுப்பத் தொடங்கினால் இருமுறைப் பதிவு என்ற வேறு சிக்கல் எழும். பதிவகம் வேரில் இருப்பதே முறை.

மொடியூல்கள் வழக்கில் இருந்த காலத்தில் இதே சிக்கலுக்கு மறைவான ஒரு வடிவம் இருந்தது. அறிக்கைகள் போன்ற ஒரு பகுதியைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கிக்கொள்ளும்படி தனி மொடியூலாகப் பிரித்தால், அந்த மொடியூலுக்கென்று ஒரு தனி இன்ஜெக்டர் உருவாகும். பயனர் விபரச் சேர்விஸை அந்த மொடியூலின் புரொவைடர்ஸிலும் ஒருவர் எழுதியிருந்தால், அறிக்கைப் பகுதிக்கு இரண்டாவது பிரதி ஒன்று கிடைக்கும். முதல் பிரதியில் எழுதுவினைஞர் உள்நுழைந்திருப்பார்; இரண்டாவது பிரதிக்கு அவர் யாரென்றே தெரியாது. அதே மொடியூல் செயலி தொடங்கும்போதே சேர்ந்து ஏற்றப்பட்டிருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும் என்பதால், கோப்புகளைப் பிரித்தது எப்படி உள்நுழைவைக் கெடுக்கும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர்.

2018 மே மாதத்தில் வந்த 6ஆம் பதிப்பு இதற்கு நல்ல வழி ஒன்றைத் திறந்தது. அதுவரை மொடியூல் சேர்விஸைச் சுட்டியது. அதன்பின் சேர்விஸே தன் டெகரேட்டரில், புரொவைடட்இன் ரூட் (root, அதாவது வேர்) என்று, தான் வேரில் வாழ்பவன் என அறிவிக்கலாம். சுட்டும் திசை மாறியதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: எவரும் கேட்காத சேர்விஸை மொடியூல் பட்டியல் பிடித்துவைத்திருக்காததால், தொகுக்கும் கருவி அதை இறுதிக் கோப்பிலிருந்து நீக்கிவிட முடிந்தது. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று டேட்டா வாங்கிப் பயன்படுத்தும் ஒருவரின் கைப்பேசியில் இறங்கும் செயலிக்கு இது சிறிய விடயமல்ல. ஆயினும் இந்த வசதி ஒரு சோம்பலையும் வளர்த்திருக்கிறது என்பது என் கருத்து. சேர்விஸ் ஒன்றை உருவாக்கும் கட்டளையே ரூட் என்று எழுதித் தருவதால், எங்கே வைப்பது என்ற கேள்வி எழுவதற்கு முன்னரே விடை நிரப்பப்பட்டுவிடுகிறது. வேரில் இருக்கக்கூடாத வரைவுகள் வேரில் போய் அமர்கின்றன.

புரொவைடரை எழுதும் விதங்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லவேண்டும், ஏனெனில் அதுவும் பிரதிகளின் எண்ணிக்கையைப் பற்றியதே. பதிவகம் என்ற டோக்கனுக்கும், இணைப்பற்ற நேரப் பதிவகம் என்ற கிளாஸுக்கும் ஒரே பொருளைத் தர விரும்புகிறோம் என்க. பதிவகம் என்ற டோக்கனுக்கு யூஸ்கிளாஸ் என்று எழுதினால், அந்தக் கிளாஸிலிருந்து இன்னொரு புதிய பொருள் உருவாகும். இரண்டு திறவுகோல்கள், இரண்டு பொருள்கள், இரண்டு வரிசைகள். யூஸ்எக்ஸிஸ்டிங் என்று எழுதினால்தான் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு இரண்டாவது பெயர் சூட்டியதாகும். இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தோன்றுவதால், நிரலை மீளாய்வு செய்யும்போது இந்த வரியில் நான் எப்போதும் ஒருமுறை நின்று பார்ப்பேன்.

2022 ஜூனில் வந்த 14ஆம் பதிப்பு, கொம்போனன்ட்களின் உள்ளேயும் இன்ஜெக்ட் என்ற ஃபங்ஷனை அழைத்துப் பொருளைப் பெறலாம் என்று ஆக்கியது. அதன்பின் வேலைக்கு வந்தவர்கள் பலர் கொன்ஸ்ட்ரக்டரில் பராமிட்டர் வைத்து எழுதியதே இல்லை. பழைய கோப்பு ஒன்றைத் திருத்தக் கொடுத்தபோது ஓர் இளையவர், "அண்ணை, இதில ஏன் இவ்வளத்தையும் கொன்ஸ்ட்ரக்டருக்குள்ள போட்டிருக்கினம்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. புதிய முறையில் புலத்துக்கு நேராக ஒரு வரி எழுதினால் போதும். ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை விரிவாக்கும்போது தாய்க் கிளாஸின் சார்புகளையெல்லாம் மீண்டும் கடத்தவேண்டியதில்லை. டோக்கனின் வகையை ரைப்ஸ்கிரிப்ட் தானாகவே அறிந்துகொள்ளும். ஆனால் இந்த ஃபங்ஷனுக்கு எந்த இன்ஜெக்டரிடம் கேட்பது என்று எப்படித் தெரிகிறது என்பதை அறிந்தே அதைப் பயன்படுத்த வேண்டும். பொருள் ஒன்றை உருவாக்கத் தொடங்கும்போது சட்டகம் தற்போதைய இன்ஜெக்டரை உள்ளே ஒரு மாறியில் வைக்கிறது; உருவாக்கி முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழையில் ஓடுவதால் இந்த இடைவெளிக்குள் வேறு எதுவும் குறுக்கிடாது. ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் என்பதை ஒருமுறை எழுதிவிட்டாலோ அந்த இடைவெளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு இன்ஜெக்டை அழைத்தால் என்ஜி0203 என்ற எண்ணோடு, இன்ஜெக்‌ஷன் சூழலுக்கு வெளியே அழைத்திருக்கிறாய் என்ற பிழைச் செய்தி வரும். பொத்தானை அழுத்தும்போது ஓடும் மெதட்டுக்குள் அழைத்தாலும் இதே கதைதான்.

அந்தப் பிழைச் செய்தியை நான் தொல்லையாக நினைப்பதில்லை. நினைத்த இடத்தில் நினைத்த பொருளை இழுத்துக்கொள்ள விட்டிருந்தால், ஒரு கிளாஸுக்கு என்னென்ன வேண்டும் என்பதை அதன் முழு நிரலையும் வாசித்தாலன்றி அறியமுடியாது போயிருக்கும். பௌலர் தமது கட்டுரையில் சேர்விஸ் லொக்கேட்டர் என்று வேறுபடுத்திக் காட்டியது ஏறத்தாழ இதைத்தான். உருவாகும் நேரத்தில் மட்டுமே கேட்கலாம் என்ற கட்டுப்பாடு இருப்பதால் தேவைகள் கிளாஸின் தலைப்பகுதியில் ஒன்றாக நிற்கின்றன. எனினும் ஒன்றை இழந்திருக்கிறோம்: கொன்ஸ்ட்ரக்டரில் பராமிட்டர் வைத்த கிளாஸைச் சட்டகமே இல்லாமல் நியூ என்று எழுதி, போலிக் கடிகாரத்தைக் கையில் கொடுத்துச் சோதித்துவிடலாம், இன்ஜெக்டை அழைக்கும் கிளாஸுக்கு அதற்கென்று ஒரு சூழலை அமைத்தே ஆகவேண்டும். கணக்கும் விலையும் போன்ற தூய கணிப்புகளைச் செய்யும் கிளாஸ்களுக்கு இன்றும் நான் கொன்ஸ்ட்ரக்டரையே பரிந்துரைக்கிறேன்.

திரைகளைச் சோதிக்கும்போது ரெஸ்ட்பெட் என்ற கருவி அந்தச் சூழலை அமைத்துத் தருகிறது. கடிகாரம் என்ற டோக்கனுக்கு யூஸ்வல்யூ என்று எழுதி, இலங்கை நேரம் காலை 5 மணியை மட்டும் திருப்பித் தரும் ஒரு சிறு பொருளைக் கொடுக்கிறோம். பதிவகத்துக்கு, வந்ததையெல்லாம் ஓர் அணியில் சேர்க்கும் போலிப் பதிவகத்தைக் கொடுக்கிறோம். திரையில் கிலோவையும் விலையையும் நிரப்பிச் சேமி என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அணிக்குள் வந்திருக்கும் பதிவின் திகதி இன்றையதா என்று பார்க்கிறோம். திகதி நேற்றையதாக இருந்தால் சோதனை உடனே விழும். பிறகு கடிகாரத்தை 5.29க்கும் 5.31க்கும் திருப்பி அதே சோதனையை ஓட்டலாம். இதற்காக எவரும் விடியப்புறம் கரைக்குப் போய் நிற்கவேண்டியதில்லை. டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷனின் பயனை ஒருவருக்கு ஒரே நிமிடத்தில் காட்டவேண்டுமென்றால் நான் இந்தச் சோதனையைத்தான் திறந்து காட்டுவேன்.

இவ்வளவு சொன்னாலும், எல்லாவற்றையும் இன்ஜெக்டரின் வழியாகவே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கிலோவை விலையால் பெருக்கும் ஃபங்ஷனைச் சேர்விஸாக்கி டோக்கன் சூட்டுவதில் ஒரு பயனும் இல்லை. அதை நேரே இறக்குமதி செய்தால் போதும். வெளியுலகைத் தொடுபவை, நிலையைத் தாங்குபவை, இடத்துக்கு இடம் மாறக்கூடியவை ஆகியவற்றுக்கே இன்ஜெக்டரின் வேலை. ரியாக்ட்டில் கன்டெக்ஸ்ட் வழியாகவும் வியூவில் புரொவைட், இன்ஜெக்ட் என்ற இணை வழியாகவும் இதே மரத்தேடல் எளிய வடிவில் கிடைக்கிறது என்பதால், அங்கிருந்து ஆங்குலருக்கு வருபவர்கள் எலிமன்ட் இன்ஜெக்டரை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். என்வயரன்மன்ட் இன்ஜெக்டர்தான் அவர்களுக்குப் புதிது.

அதிலும் ரூட்களோடு சேர்த்துக் கொடுக்கப்படும் புரொவைடர்களைப் பற்றி அவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மாதாந்த அறிக்கைப் பக்கத்துக்கான ரூட்டில் ஒரு சேர்விஸை வைத்தால், அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறும்போது அதுவும் அழிந்துவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பார். வழக்கமான அமைப்பில் அப்படி நடப்பதில்லை. ரூட்டின் இன்ஜெக்டர் முதல் வருகையில் ஒருமுறை உருவாகி, செயலி மூடப்படும்வரை அப்படியே இருக்கும். மீண்டும் அந்தப் பக்கத்துக்கு வந்தால், போன மாதத்துக்கென்று தேர்ந்தெடுத்த வடிகட்டல்களோடு பழைய பொருளே எதிரே நிற்கும். பக்கத்தோடு பிறந்து பக்கத்தோடு முடியவேண்டிய நிலையை, ரூட்டில் வைக்காமல், அந்த ரூட் காட்டும் கொம்போனன்டின் புரொவைடர்ஸில் வைக்க வேண்டும். அப்போதுதான் கொம்போனன்ட் நீங்கும்போது சேர்விஸின் என்ஜிஒன்டிஸ்ட்ரோய் மெதட் அழைக்கப்படும். திறந்துவைத்த சப்ஸ்கிரிப்ஷன்களையும் ஓடவிட்ட டைமர்களையும் அங்கே மூடிவிடலாம். 2023 மே மாதத்தில் வந்த 16ஆம் பதிப்பிலிருந்து, டிஸ்ட்ரோய்ரெஃப் என்ற பொருளையும் இன்ஜெக்டரிடமே கேட்டு வாங்கி, அழியும் நேரத்தில் செய்யவேண்டியதை, திறந்த அந்த வரிக்கு அடுத்த வரியிலேயே எழுதிவைக்க முடிகிறது. எந்தப் படியின் இன்ஜெக்டரிடம் கேட்டோமோ அந்தப் படியின் முடிவையே அது அறிவிக்கும்.